மூடியில் வந்த கொப்புளம்

சோதனையின்போது டிரான்ஸ்பார்மரின் இரும்பு மூடி சூடேறி, பெயின்ட் கொப்புளமாக உப்பியது. பக்கத்தில் ஒரு வெல்டிங் கோடு. மேனேஜருக்கு அது போதும்.

"வெல்டிங் கோளாறு. சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் எழுதிவிடுங்கள்."

அந்தக் கோட்டைப் போட்டவர், முப்பது வருடம் வெல்டிங் பிடித்த மாசிலாமணி. அவருக்கு ரத்தம் கொதித்தது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். நேரே கணக்கு அறைக்குப் போனார். இரும்புக்குள் ஓடும் சுழல் மின்னோட்டத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிடுகிறவள் தமயந்தி. மகள் வயது. மூன்று மாதமாக அவளிடம்தான் அவர் பாடம் கேட்கிறார். பட்டறையே சிரிக்கிறது.

"மேடம், கம்ப்யூட்டர் படத்தில் மூடி முழுவதையும் பொடிப்பொடியாக நறுக்கிக் கணக்குப் போட வேண்டும். ஓர் இஞ்ச் விடக்கூடாது."

"முழுவதுமா அண்ணே?"

"இந்தக் கம்பெனியில் எதை நம்புவது?"

அவள் விலகி இடம் கொடுத்தாள். அவரே நறுக்கினார். அத்தனை துண்டுகளின் கணக்கைத் தாங்காமல் கம்ப்யூட்டர் பாதியில் நின்றது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் நின்றது.

"இதுவும் மேனேஜர் கட்சியா?" மேஜையில் ஓங்கி அடித்தார்.

தமயந்தி மூடியை நாற்பதே முக்கோணங்களாக வெட்டினாள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்னோட்டம் என்று எண் வந்தது. தாளில் எடுத்து நீட்டினாள்.

"அடுத்தடுத்த துண்டுகள் எங்கே ஒத்துப்போகவில்லை?"

"மணி மூன்றாகிறது. எனக்குப் பரீட்சை வைக்கிறீர்களா?"

"பாருங்கள்."

பல்லைக் கடித்துக்கொண்டு விரலை ஓட்டினார். பதினொன்று, பன்னிரண்டு, பன்னிரண்டு. மின்கம்பிகள் வெளியேறும் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில் மட்டும் ஒரு துண்டு இருபது என்றது. அதை ஒட்டிய துண்டு தொண்ணூறு என்றது.

"இங்கே அடிதடி நடக்கிறது."

"அங்கே மட்டும் நறுக்குங்கள்."

நறுக்கினார். சண்டை இன்னும் சிறிய இடத்துக்குள் ஒடுங்கியது. அங்கே நறுக்கினார். ஐந்தாம் முறை நறுக்கியும் எண்கள் மாறவில்லை. ஓட்டைகளுக்கு நடுவே விரலகல இரும்பு, கொப்புளம் வந்த அதே இடம். கம்பிகளின் காந்தம் அங்கேதான் மின்னோட்டத்தைச் சுழற்றிச் சூடேற்றியிருந்தது. வெல்டிங் கோடு ஒரு சாண் தள்ளிச் சும்மா கிடந்தது.

தமயந்தி தாள்களை மேனேஜருக்கு அனுப்பினாள். ரிப்போர்ட் கையெழுத்தாகித் திரும்பியது. 'வெல்டிங் கோளாறு' என்பது கோடு போட்டு நீக்கப்பட்டிருந்தது. வருத்தம் என்று ஒரு வார்த்தை இல்லை.

மாசிலாமணி நாற்காலியை விட்டு எழவில்லை.

"இப்போது என் வெல்டிங்கை நறுக்குங்கள் மேடம். ஆயிரம் துண்டாக. அந்த ஆள் மூஞ்சியில் எறிய வேண்டும்."

"அங்கே எல்லா எண்ணும் ஒத்துப்போகிறதே."

"போகட்டும். நறுக்குங்கள்!"

அவள் விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நறுக்கலாம் அண்ணே. கணக்குத்தான் நீளும். விடை இதேதான்."