துரியோதனனின் கட்டைவிரல்

கூத்தில் துரியோதனன் வேடம் கட்டிய ஏகாம்பரத்துக்குப் பீமன் கையால் தொடை உடைய இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் ஏறி நின்று வசனம் பேசிய பெஞ்சு முறிந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பும் முறிந்தது. அரசு மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள். கூடவே பீமனும் வந்தார், முகச்சாயம்கூடக் கலைக்காமல்.

"நான் தொடவே இல்ல டாக்டர்," என்றார் பீமன். யாரும் கேட்கவில்லை.

டாக்டர் குலசேகரன் எலும்பை இழுத்து நேராக்கி மாவுக்கட்டு போட்டார். பல வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சல் பார்த்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் எலும்பு மருத்துவம் படிக்க வந்தவர். கட்டு போட்டபின் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்க்கப் பார்க்க அவருக்கே ஆசையாக இருந்தது. படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கைதட்டல் பொம்மைகள் வந்து குவிந்தன.

மறுநாள் விடிந்ததும் ஏகாம்பரம் கத்தத் தொடங்கினார்.

"ஐயையோ அஸ்தினாபுரமே! உன் ராஜன் படும் பாட்டைப் பாரடி!"

வார்டே எழுந்து உட்கார்ந்தது. எதிர்க்கட்டில்காரர் கைதட்டி, "இன்னொரு தரம் அண்ணே!" என்றார். வலி ஊசி போட்டும் ராஜா அடங்கவில்லை.

குலசேகரனுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தபின் உறுத்தியது. உறுத்தியதும் எக்ஸ்ரேயை மறுபடி பார்த்தார். எலும்பு நேராகத்தான் இருந்தது.

துறைத் தலைவி டாக்டர் ரெஜினா வந்தார். குலசேகரனைவிட வயதில் சிறியவர். அதனால் அவரை 'சார்' போட்டுத்தான் திட்டுவார்.

"மேடம், ஒருத்தர் வலி நிஜமா நடிப்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?"

"எக்ஸ்ரே பிரமாதமா இருக்கு. விரல் நல்ல நிறம், சூடும் இருக்கு. கூத்துக்காரர் இல்லையா, சத்தம் கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கும்."

அவர் நீட்டிய எக்ஸ்ரேயை ரெஜினா வாங்கவில்லை. கட்டுக்கு வெளியே தெரிந்த கட்டைவிரலைப் பிடித்து மெல்ல மேலே வளைத்தார்.

ஏகாம்பரத்தின் வாய் திறந்தது. வசனம் வரவில்லை. பாட்டு வரவில்லை. கண்ணிலிருந்து நீர் மட்டும் வழிந்தது. எதிர்க்கட்டில்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"விரலை லேசா வளைச்சதுக்கே இவ்வளவு வலின்னா உள்ளே சதை நெரியுது. கட்டைப் பிளங்க சார். இப்பவே."

பிளந்தால், கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. உள்ளே வீக்கம் போக வழியில்லாமல் சதையை நெரித்துக்கொண்டிருந்தது. அப்படியே ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ரெஜினா தோலையும் அதன் அடியிலிருந்த உறையையும் நீளமாகக் கீறித் திறந்துவிட்டார். வெளிறிக் கிடந்த சதை மெல்லச் சிவந்தது.

"மதியம்வரை விட்டிருந்தா காலையே எடுத்திருக்கணும்," என்றார்.

வெளியே பீமன் எழுந்து நின்றார்.

"கால் தப்பிச்சுது," என்றார் குலசேகரன்.

"ஆஸ்பத்திரியிலயும் வேஷம் போடாதய்யான்னு திட்டிட்டேனே டாக்டர்!" பீமன் அழுதார். சாயம் கரைந்து சட்டையில் இறங்கியது.

கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, கழுவாமல் நின்றார் குலசேகரன்.

"நானும் சிரிச்சேன் மேடம். அவர் நடிக்கலன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

ரெஜினா குழாயை மூடினார்.

"தெரியாது சார். நானும் நடிப்புன்னுதான் நினைச்சேன். அதனாலதான் விரலைத் தொட்டேன்."