கூடாரத்தில் போட்ட டீ

"அம்மா, கரை எங்கே இருக்குன்னே தெரியலை. இதை எப்படி வரையறது?" என்று கேட்டான் புரோகோர்.

நியாயமான கேள்விதான். வடதுருவக் கடலோரத்தில், ஒரு பேராறு கிளைகிளையாகப் பிரிந்து கடலில் விழும் இடம் அது. ஆறும் உறைந்து, கடலும் உறைந்து, எல்லாவற்றையும் பனி மூடிக் கிடந்தது.

'அம்மா' என்று அவன் அழைத்த அக்லயா வரைந்த வரைபடத்தை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு கப்பல் விடலாம் என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் புரோகோர் தலைநகர வேலையை உதறிவிட்டு, நரைக்கத் தொடங்கிய வயதில் அவரிடம் சீடனாகச் சேர்ந்தான்.

"புயல் நிக்கட்டும். நடந்து பார்த்துட்டு வரையலாம்," என்றார் அக்லயா.

புயல் நின்றபோது, படத்தைக் கொண்டுபோகும் நாய்வண்டி கிளம்பும் நாளும் வந்துவிட்டது.

"அம்மா, மீனவக் குடும்பங்க இந்தப் படத்தைப் பார்த்துத்தான் வருவாங்க. கோடை வரைக்கும் தங்க அவங்களுக்கு இடம் வேணுமே. அதான் விட்டுப்போனதை நானே வரைஞ்சுட்டேன்."

புயலுக்கு முன் நடந்து அளந்திருந்த இரண்டு கரை முனைகளையும் ஒரே வளைவில் இணைத்திருந்தான். அப்படி ஒரு கோடு அக்லயாவுக்கே வராது.

"அழகா இருக்குப்பா," என்றார். மனசாரத்தான் சொன்னார். "நம்ம கூடாரம் எங்கே?"

"இதோ, கரைக்கு நல்லா உள்ளே தள்ளி. அவங்களும் இங்கேயே தங்கலாம்னு எழுதியிருக்கேன்."

அக்லயா கூடாரத் தரையில் தான் உட்கார்ந்திருந்த தோலைச் சுருட்டினார். அடியிலிருந்த பனியைத் தள்ளிவிட்டு, கடப்பாரையால் ஓங்கிக் குத்தினார். பெயர்ந்து வந்த பனிக்கட்டியைக் கெட்டிலில் போட்டு அடுப்பில் ஏற்றினார்.

டீ கொதித்தது. ஒரு குவளை அவனிடம் நீட்டினார்.

ஒரு வாய் குடித்தான். முகம் கோணியது.

ஆற்றுப் பனிக்கட்டி உப்புக் கரிக்காது; அடியில் இருப்பது கடல்.

புரோகோர் தன் காலடியைப் பார்த்தான். வெயில் ஏறினால் இந்தத் தரை இருக்காது. குழந்தை குட்டிகளோடு வந்து இங்கே படுப்பவர்களை நினைத்தான். கோட்டை அழித்தான்.

"அம்மா, இங்கே இப்ப என்ன போடறது?"

"உனக்குத் தெரிஞ்சதைப் போடு."

பென்சிலை எடுத்தான். பிறகு அந்த வெற்றிடத்தில் சின்ன எழுத்தில் எழுதிக் கொடுத்தான்.

அக்லயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்:

'கரை எங்கே என்று தெரியாது. இங்கே தோண்டிய கட்டியில் போட்ட டீ கரித்தது. தங்க வேண்டாம்.'

அடியில் கையெழுத்துப் போட்டார்.

"வண்டியைக் கட்டச் சொல்லு," என்றார்.