கதவைத் திறக்காத விட்காம்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு வரும். சத்தியமாக வரும். ஆனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அம்ப்ரோஸே பொறுத்தார்.

அம்ப்ரோஸ், நியூயார்க் மேடைகளில் சோக ராஜாவாகவே நரைத்துப்போன நடிகர். குகைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். இப்போதுதான் முதல் தடவையாக ஒரு நகைச்சுவை நாடகத்தில் ஹோட்டல் சர்வர் வேடம். "சூப் தயார்" என்று அவர் சொன்னால் வீட்டில் எழவு விழுந்த மாதிரி இருக்கும். சொன்ன கையோடு, சிரித்தார்களா என்று சபையைத் திரும்பிப் பார்ப்பார். ஒருவரும் சிரித்ததில்லை.

மானேஜர் மூக்கால் பேசுகிறவர். "இன்னிக்கும் நீங்க சபையைச் சிரிக்க வைக்கலைன்னா, நாளைக்கு அந்த சர்வர் கோட்டை வேற ஆள் போட்டுக்குவான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்ப்ரோஸ் ஒப்பனை அறைக்கு ஓடினார். அங்கே நாடகத்தின் நாயகன் விட்காம் மீசை ஒட்டிக்கொண்டிருந்தார். மேடையில் தொடங்கி, சினிமாவில் நாட்டையே சிரிக்க வைத்துவிட்டு, மறுபடி மேடைக்கு வந்தவர். வயதில் சின்னவர்தான். ஆனாலும் அம்ப்ரோஸுக்கு அவர் குரு.

"வாத்தியாரே, படம் பிடிக்கிற இடத்துல யாரும் சிரிக்கக் கூடாது. ஒலிப்பதிவு கெட்டுடும். ஜனங்க சிரிக்கிறாங்களான்னு தெரியாம எப்படி நடிச்சீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டாவது காட்சியில கதவைத் திறந்துக்கிட்டு வருவேன்ல? அப்ப காதுல சொல்றேன்."

"இப்பவே சொல்லக் கூடாதா?"

"மீசை காயணும்."

இரண்டாவது காட்சி வந்தது. அம்ப்ரோஸ் சூப் தட்டோடு கதவருகே நின்றார்.

"சூப் தயார், ஐயா."

இந்த இடத்தில் கதவு திறக்க வேண்டும். திறக்கவில்லை.

கைப்பிடி மட்டும் திரும்பியது. அம்ப்ரோஸ் விறைத்து நின்றார். கைப்பிடி பழையபடி நின்றுவிட்டது.

"சூப்... தயார்தான், ஐயா" என்றார் கதவைப் பார்த்து, கெஞ்சலாக.

சபையில் யாரோ இருமினார்கள். அவர் காதில் விழவில்லை. சாவித் துவாரத்தில் காதை வைத்தார். தட்டு சாய்ந்து சூப் ஷூவில் வழிந்தது. காலை நகர்த்தவில்லை.

"இருக்கீங்களா? எனக்கு வேலையே போகப்போவுது" என்று முணுமுணுத்தார். அந்தக் குரல் முணுமுணுத்தால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.

பின்னால் ஏதோ இரைச்சல். அம்ப்ரோஸ் திரும்பாமலே கையை நீட்டி அதட்டினார்.

"ஸ்ஸ்... சத்தம் போடாதீங்க. அவர் எங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

இரைச்சல் கூரையை இடித்தது.

கதவு திறந்தது. விட்காம் உள்ளே வந்தார்.

"எங்க போயிட்டீங்க? சொல்றேன்னீங்களே, சீக்கிரம் சொல்லுங்க" என்றார் அம்ப்ரோஸ், பல்லைக் கடித்துக்கொண்டு.

விட்காம் அவர் காதருகே குனிந்தார்.

"கதவுக்குப் பின்னாடியேதான் நின்னேன். நடுவுல புகுந்து கெடுக்க மனசு வரலை."

அம்ப்ரோஸ் தட்டை நிமிர்த்தினார். அப்புறம்தான் மெதுவாகத் திரும்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சபையைப் பார்த்தார்.