கப்பலில் வந்த மாப்பிள்ளை

இந்தக் கதையை நான் பல வருஷமாக நம்பவில்லை. சொன்னவர் என் அக்கா வீட்டுக்காரர் சிதம்பரதாணு அத்தான். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் தொழிலில் முப்பது வருஷம் இருந்தவர். கதையை நம்பவில்லையா, அத்தானை நம்பவில்லையா என்று என்னையே கேட்டுப் பார்த்ததும் உண்டு. கதை இதுதான்.

கோடியன்துறை என்று ஒரு சின்ன ராஜ்யம். ராஜா பெயர் மாறவேள். ஓர் ஐப்பசியில் புயல் வந்து, கடலைத் தூக்கி மீனவர் குப்பத்தின் மேல் கொட்டிவிட்டுப் போனது. நானூறு பேர் மணல்மேட்டில் ஏறிப் பிழைத்தார்கள். ஆனால் கிணறெல்லாம் உப்பு.

எதிரே இருந்த பவளத்தீவின் ராஜா நல்ல மனுஷர். கேள்விப்பட்ட உடனே மூன்று கப்பல் அனுப்பினார். குடிதண்ணீர், அரிசி, கூடாரங்கள், ஆறு வைத்தியர்கள். கப்பல்கள் துறைக்கு எதிரே வந்தன. வந்து நின்றன. நின்றுகொண்டே இருந்தன.

மூன்றாம் நாள் காலை, குப்பத்து வள்ளியாயி சபைக்குள் வந்து ராஜா முன்னால் ஒரு செம்பை வைத்தாள்.

"குடிச்சுப் பாருங்க, ராசா."

ராஜா ஒரு வாய் குடித்தார். சபையில் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"எங்க கிணத்துத் தண்ணிதான். நல்ல தண்ணி கண்ணுக்கெதிர கப்பல்ல நிக்குது. எம் பொண்ணு பேதியில சுருண்டு கிடக்கா. நாளைக்குத் தாங்க மாட்டா."

ராஜா சுங்கத் தலைவர் பெருஞ்சாத்தனைப் பார்த்தார்.

"நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, மகாராஜா" என்றார் அவர். "சட்டம் அப்படி. வெளிநாட்டு அரிசியை ஊறவைத்து, வேகவைத்து, நம் அரிசியோடு ஒப்பிட்டுப் பார்க்க இருபது நாள். வெளிநாட்டு வைத்தியருக்கு நம் அரண்மனை வைத்தியர் பரீட்சை வைக்க வேண்டும். அவர் புயலுக்குப் பயந்து மாமனார் ஊருக்குப் போனவர், இன்னும் வரவில்லை."

"கூடாரம்?"

"கூடாரம் வந்தால் படையெடுப்பு. அது சேனாதிபதி பார்க்க வேண்டியது."

"தண்ணீருக்குமா சட்டம்?"

"தண்ணீருக்குச் சட்டமே இல்லை, மகாராஜா. அதுதான் சிக்கல். சட்டமில்லாத சரக்கை எப்படி இறக்குவது?"

"அப்படியானால் சட்டத்தை மாற்றும்!"

"நம் ஏழு ஊர்த் தலைவர்களும் கூடினால் மாற்றலாம். அவர்கள் வர வேண்டிய ஏழு பாலமும் உடைந்து கிடக்கிறது."

மூலையில் இருந்து விடங்கன் எழுந்தான். ராஜாவுக்கு யோசனை சொல்வதும், சொன்னபடி கேட்காதபோது கேலி செய்வதும் அவன் உத்தியோகம்.

"சாத்தனாரே, நீங்கள் நிறுத்தவே கூடாத கப்பல் ஏதாவது உண்டா?"

சாத்தனார் முகம் வெளுத்தது. "ஒன்று உண்டு. மாப்பிள்ளை வீட்டார் கப்பல். மகாராஜாவின் பாட்டனார் காலத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டாரின் பெட்டியை இந்தத் துறையில் திறந்து பார்த்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குக் கோபம் வந்து கப்பலையே திருப்பிவிட்டார். கல்யாணம் நின்றது. அன்றைக்கே செப்பேடு போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாரை நிறுத்தக் கூடாது. என்ன கொண்டுவந்தீர்கள், கூட வந்தவர் யார் என்று கேட்கக் கூடாது. கேட்டவனுக்கு வேலை போய்விடும்."

"அருமையான சட்டம்" என்று சொல்லிவிட்டு விடங்கன் வெளியே போனான். போகிற வழியில் சுங்கச்சாவடிச் சுவர் வெடிப்பில் முளைத்திருந்த ஓர் அரசங்கன்றைப் பிடுங்கிக்கொண்டு, வள்ளியாயி புருஷனின் கட்டுமரத்தில் ஏறினான்.

உச்சி வேளைக்குக் கடலில் நாகஸ்வரம் கேட்டது. பவளத்தீவின் முதல் கப்பல் பாய்மரத்தில் வாழை கட்டிக்கொண்டு வந்தது. புயல் சாய்த்த வாழைக்கா பஞ்சம்? கப்பல் தலைவர் நெற்றி நிறையச் சந்தனத்தோடு, பட்டுச் சுற்றிய ஒரு தொட்டியை ஏந்தி இறங்கினார்.

"மாப்பிள்ளை எங்கே?" என்றார் சாத்தனார்.

"சித்தப்பா கையில் இருக்கிறாரே" என்றான் விடங்கன்.

"இது அரசங்கன்று!"

"பெண் வேம்பு. அதோ." துறை வாசலில் நின்ற வேப்பமரத்துக்கு மஞ்சள் புடவை சுற்றியிருந்தது. பக்கத்தில் பெண்ணைப் பெற்றவளாக வள்ளியாயி. "அரசுக்கும் வேம்புக்கும் கல்யாணம் பண்ணிவைப்பது நம் ஊர் வழக்கம்தானே? மாப்பிள்ளைக்குக் கை கால் இருக்க வேண்டும் என்று செப்பேட்டில் உண்டா?"

"இல்லை..." சாத்தனார் கன்றை உற்றுப் பார்த்தார். "இவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே?"

"பெரிய இடத்துப் பிள்ளை. பார்த்திருப்பீர்கள்."

"சரி, அந்தப் பீப்பாய்களில் என்ன..."

கப்பல் தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஐயோ, சித்தப்பாவிடமா கேட்டீர்?" என்று விடங்கன் காதோடு சொன்னான்.

சாத்தனார் துள்ளி விழுந்து கும்பிட்டார். "வாங்க சம்பந்தி, வாங்க! பிரயாணமெல்லாம் சௌகரியமா?"

"மரியாதை கொஞ்சம் குறைகிற மாதிரி இருக்கிறது" என்றார் கப்பல் தலைவர், சொல்லிக்கொடுத்தபடி.

அவ்வளவுதான். முதல் பீப்பாயைச் சாத்தனாரே தோளில் சுமந்து இறக்கினார். பின்னால் வந்த இரண்டு கப்பலும் தாய்மாமன், அத்தை வகையறா. வைத்தியர் ஆறு பேரும் மாப்பிள்ளைத் தோழர்கள். சாயங்காலம் வள்ளியாயியின் மகள் இரண்டு குவளை கஞ்சித்தண்ணி குடித்துவிட்டு, மூன்றாவதற்கு அழுதாள்.

ராஜா துறைக்கே வந்துவிட்டார். "விடங்கா, என்ன வேண்டும், கேள்!"

"உதவி கொண்டுவரும் கப்பலுக்கென்று ஒரு சட்டம் வேண்டும், மகாராஜா. யார் வரலாம், எதை இறக்கலாம், யார் கையெழுத்துப் போட்டால் போதும் என்று வெயில் அடிக்கும்போதே எழுதி வையுங்கள். அடுத்த புயல் ஏழு பேர் கூடும்வரை காத்திருக்காது."

"எதற்கு? உன் வழியே நன்றாக இருக்கிறதே!"

"இருக்கிறது, மகாராஜா. ஆனால் துறையில் இருந்த ஒரே வேப்பமரத்துக்கும் கல்யாணம் ஆகிவிட்டது."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கையில் கிடந்த காப்பைக் கழற்றி விடங்கனுக்குப் போட்டார். "எழுதிவிடலாம்" என்றார்.

அத்தான் எப்போதும் இங்கேதான் கதையை முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, அந்த "எழுதிவிடலாம்" என்ற சொல்லையே நினைத்துக்கொண்டு கிடப்பேன். போன மாதம் துணிந்து கேட்டுவிட்டேன்.

"அத்தான், ராஜா அந்தச் சட்டத்தை எழுதினாரா, இல்லை, இன்னொரு வேப்பங்கன்று நட்டாரா?"

"துறைமுகத்தில் இருந்த முப்பது வருஷத்தில் நான் எத்தனை மரத்துக்குக் கல்யாணம் பண்ணிவைத்தேன் தெரியுமா?" என்று அத்தான் சொன்ன அன்றுதான் கதையை நம்பினேன்.