ஓடுகிற கிரைண்டர்

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். தணிகாசலம் ஆறே மாதத்தில் தன்னை முழு மெக்கானிக் என்று எண்ணிக்கொண்டார்.

மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் தொழில் கற்றுக்கொண்டது ஜீனத்திடம். அவள் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். கடைத்தெருவில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்ப்பவள். அவர் அவளை டீச்சரம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

ஒருநாள் மதியம் கேட்டே விட்டார். "டீச்சரம்மா, நானும் தனியா போர்டு மாட்டலாமா?"

"நீங்களே சரி பண்ணுன மிஷின் ஒண்ணு காட்டுங்க, அண்ணே."

"என் வீட்டு கிரைண்டர் இருக்கே! மூணு மாசமா ஒருநாளும் மக்கர் பண்ணல."

அழைத்துக்கொண்டு போனார். உடைந்த பிளக்கை மாற்றிய கதையும், மனைவி வேதவல்லி டார்ச் பிடித்த கதையும் வீடு வரைக்கும் வந்தன.

சுவிட்சைப் போடப் போனவரை ஜீனத் தடுத்தாள். "தினமும் ஆட்டறவங்க போடட்டும்."

வேதவல்லி வந்தாள். மூலையில் கிடந்த ரப்பர் செருப்பை மாட்டினாள். மணைப்பலகையை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள். கல் சுற்றியது.

"அடுப்படியில எதுக்குச் செருப்பு?" என்றார் தணிகாசலம்.

"தொட்டா சுள்ளுனு பிடிக்குதுங்க."

"எப்பலேர்ந்து?"

"நீங்க சரி பண்ணுன நாள்லேர்ந்து."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாதமும் இட்லி ஒருநாள்கூடத் தப்பியதில்லை. "ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். ஓடுதா இல்லையான்னு கேட்டீங்க. ஓடுதுன்னேன்."

ஜீனத் பிளக்கைப் பிடுங்கினாள். "எந்தப் பக்கம் பிடிக்குது, அண்ணி?"

"கீழே, இந்த ஓரம். தரை ஈரமா இருந்தா ஜாஸ்தி."

கிரைண்டரைச் சாய்த்தார்கள். வேதவல்லி டார்ச் பிடித்தாள். அவள் காட்டிய அதே ஓரத்தில் சிவப்பு ஒயர் தோல் உரிந்து தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டிய பச்சை ஒயரோ வெட்டப்பட்டு, டேப் சுற்றிக் கிடந்தது.

"இதை யாரு வெட்டுனது?"

"நான்தான். கையில ரெண்டு பின் பிளக்குதான் இருந்துச்சு. இது இல்லாமலும் ஓடுச்சு."

அவர் கழற்றும்போது ஸ்க்ரூ இரண்டு முறை கீழே விழுந்தது. இரண்டு முறையும் வேதவல்லிதான் தேடி எடுத்துக் கொடுத்தாள். சிவப்பு ஒயரை மாற்றினார். பச்சையை இணைத்தார். ஜீனத் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மூன்று பின் பிளக்கை மாட்டினார். சுவிட்சைப் போட்டு, கரண்ட் கசிகிறதா என்று தகரத்தில் வைத்துப் பார்த்தபோது டெஸ்டர் எரியவில்லை. வேதவல்லி கை நீட்டினாள். அவர் அவளை விலக்கிவிட்டு முதலில் தானே தொட்டார்.

"வேற எங்கேயாவது இப்படி வெட்டியிருக்கீங்களா?" என்றாள் ஜீனத்.

"பக்கத்துத் தெருவுல மூணு வீட்டு கிரைண்டர்ல."

சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. "காலையில முதல் வேலையாப் போய்ப் பாத்துடறேன், டீச்சரம்மா."

ஜீனத் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி நாலு. சாயங்காலம் ஆட்டறதுக்கு அந்த வீடுகள்ல இந்நேரம் அரிசி ஊறிட்டிருக்கும், அண்ணே."