சென்னியப்பன் கேட்ட திருடன்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அதன் மேலாளர் சென்னியப்பனுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: தனக்குத் தெரியாத விஷயங்களும் உலகத்தில் உண்டு என்பது.

அங்கே ஒப்பந்தத்தில் கணினி வேலை பார்த்த ரமீஜா ஒரு நாள் காலையில், "நம்ம வைஃபையோட என்கிரிப்ஷன் பூட்டு ரொம்பப் பழசுங்க சார். தெருவுல நின்னே உடைச்சுடலாம். புதுசுக்கு மாத்திடலாங்க" என்றாள்.

"பாஸ்வேர்டு எனக்கு மட்டுந்தான் தெரியும். எம் பொண்டாட்டிக்கே தெரியாது! எவன் உடைச்சான்? சாயங்காலத்துக்குள்ள அந்தத் திருடனைக் கூட்டிட்டு வா. இல்லைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"சரிங்க சார். இன்னிக்கு மட்டும் புதுசைப் போட்டுக்கட்டுங்களா?"

"போட்டுத் தொலை."

புதுப் பாஸ்வேர்டையும் கையால் மறைத்துக்கொண்டு அவரே அடித்தார். ரமீஜா தன் நாற்காலியில் போய்ச் சாய்ந்துகொண்டாள்.

"திருடனைத் தேடப் போகலையா அம்மணி?" என்று போகும்போதும் வரும்போதும் இளித்தார் மேலாளர்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், பக்கத்துக் கட்டடத்துப் போட்டிக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்த அதிகாரி விறுவிறுவென்று உள்ளே வந்தார்.

"என்னங்க சார், காலையில இருந்து எங்க ஆபீஸ்ல நெட்டே இல்லை. உங்க வைஃபையை என்ன பண்ணுனீங்க? ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்ய மாட்டீங்களா?"

சென்னியப்பன் ரமீஜாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க கேட்டவர் வந்துட்டாருங்க சார்" என்றாள் ரமீஜா. "உக்காரச் சொல்லட்டுங்களா?"