உளுந்தங்காட்டார் செய்த மேல்முறையீடு

உளுந்தங்காட்டில் மூளைக்குக் குறைவே கிடையாது. ஆளுக்கொன்று இருந்தது. யாரும் எடுத்துப் புழங்காததால் எல்லாம் வந்த மேனிக்குப் புதுசாகவே இருந்தது. அதிலும் பூவராகனுடையது கவர்கூடப் பிரிக்காதது. கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை அவருக்கு. உளுந்தங்காடு பொதுநல மன்றத்தின் தலைவரும் அவரே. விருத்தகிரி செயலாளர், கோதண்டம் பொருளாளர். உறுப்பினர் என்று யாரும் இல்லை. எல்லாரும் பதவியில் இருந்துவிட்டதால் உறுப்பினராக ஆள் மிஞ்சவில்லை.

விருத்தகிரிக்குச் சட்டம் தெரியும் என்று ஊரில் பேச்சு. பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே பதினெட்டு வருஷம் டீக்கடை வைத்திருந்தவர். கோதண்டத்துக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. அதனாலேயே அவரைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பூவராகனின் மனைவி செண்பகவல்லிக்கு மூன்று தம்பிகள், மூத்தவன் மாசிலாமணி. ஷார்ஜாவில் ஒரு சோபா கடையில் கிடங்கு பார்க்கிற வேலை. இரண்டு மாத லீவு முடிந்து அவன் கிளம்பிய அன்று, பூவராகன் பாத்திரம் ஏற்றுகிற தன் வேனை எடுத்தார். வழியனுப்ப மன்றமும் ஏறிக்கொண்டது.

விமான நிலைய வாசலில் ஒரு பலகை இருந்தது. 'இறக்கிவிடும் இடம். பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் ஐந்நூறு ரூபாய் அபராதம்.'

விருத்தகிரி அதை இரண்டு தடவை படித்தார். "நின்றால்னு போட்டிருக்கான். உட்கார்ந்தால்னு போடலை."

ஒரு காலைக் கீழே வைத்திருந்த கோதண்டம் அதை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அப்ப நான் எப்படிப் போறது, மாமா?" என்றான் மாசிலாமணி.

"நடந்து போ, மச்சான். நடக்கிறதுக்கு அபராதம் இல்லை. நடுவுல மட்டும் நின்னுடாதே" என்றார் பூவராகன்.

மாசிலாமணி சொன்ன சொல் தட்டாதவன். வாசலில் இருந்த காவலர் டிக்கெட்டைக் கேட்டபோது, பெட்டியை இழுத்துக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே காட்டினான். நாலாவது சுற்றில் தலைசுற்றிப்போய் அவரே உள்ளே தள்ளிவிட்டார்.

மற்ற மூவரும் வேனுக்குள் முதுகு நிமிராமல் உட்கார்ந்திருந்தார்கள். விமானம் ஏறிப் போவதைப் பார்த்துக் கையாட்டாமல் திரும்பினால் அது என்ன வழியனுப்பு? ஒரு மணி நேரம் கழித்து ஏதோ ஒரு விமானம் எழும்பியது. மாம்பழப் பெட்டி ஏற்றிப் போகிற சரக்கு விமானம். மனசார அதற்குக் கையாட்டிவிட்டு வேனைக் கிளப்பினார்கள்.

வெளியேறும் இடத்தில் தடுப்புக் கம்பம் இறங்கியே இருந்தது. வண்டி நிறுத்தத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த தனியார் கம்பெனியின் ஆள் ஒருவர் சீட்டை நீட்டினார்.

"எழுபத்தோரு நிமிஷம் ஆயிருக்கு. ஐந்நூறு ரூபா."

"நாங்க யாரும் நிக்கவே இல்லையே" என்றார் பூவராகன்.

"வண்டி நின்னுச்சே."

பூவராகனுக்குச் சுருக்கென்றது. அந்தக் கோணத்தில் அவர் யோசித்திருக்கவில்லை. எந்தக் கோணத்திலும் யோசித்திருக்கவில்லை என்பது வேறு விஷயம். விருத்தகிரிதான் தலையை வெளியே நீட்டினார்.

"வண்டிக்கு உட்காரத் தெரியாது. தெரியாத ஒண்ணைச் செய்யலைன்னு அபராதம் போடச் சட்டத்தில இடம் இருக்கா?"

வேனுக்குப் பின்னால் பதினாறு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. "பதினஞ்சு நாளைக்குள்ள மேல்முறையீடு பண்ணிக்குங்க" என்று சீட்டைக் கையில் திணித்துக் கம்பத்தைத் தூக்கிவிட்டார். அவர் செய்த தவறு அதுதான். மூன்று முட்டாள்களிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் பாத்திரக் கடையில் மன்றம் கூடியது. முதல் தீர்மானத்துக்கே தகராறு.

"மேல்முறையீடுன்னா எதுக்கு மேல?" என்றார் பூவராகன்.

"அங்க அஞ்சு மாடிக்கு வண்டி நிறுத்துற கட்டடம் ஒண்ணு இருக்கு, தலைவரே" என்றார் விருத்தகிரி. "ரெண்டாவது மாடியில பண்ணினா அது சாதா முறையீடு. மொட்டை மாடியில பண்ணினாத்தான் மேல்முறையீடு."

இவ்வளவு நுணுக்கமான விஷயத்தை டீக்கடையில் உட்கார்ந்தே கற்றிருக்கிறாரே என்று பூவராகனுக்குப் பெருமையாக இருந்தது.

மூவரும் வேனைக் கட்டடத்தின் உச்சிக்கு ஏற்றினார்கள். உச்சி வெயிலில் நின்று மனுவை ஆகாயத்தைப் பார்த்துச் சத்தமாக வாசித்தார்கள். பதில் வரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது என்று மூன்று மணி வரை காத்திருந்து மறுபடி வாசித்தார்கள். மாடியில் யாரோ கூச்சல் போடுகிறார்கள் என்று காவலாளிகள் வந்து அவர்களைக் கீழே கூட்டிப்போனார்கள். மாடியில் வண்டி போட்டதற்குத் தனியாக ஒரு சீட்டு விழுந்தது.

கீழ்த்தளக் கவுண்ட்டரில் ஜெனிட்டா என்ற பெண் இருந்தாள். நாள் முழுக்க வண்டிக்காரர்களிடம் திட்டு வாங்குவதற்கென்றே கம்பெனி அவளுக்குச் சம்பளம் கொடுத்தது. அதையும் குறைத்துத்தான் கொடுத்தது.

"இங்கேதான் மேல்முறையீடு" என்றாள்.

"கீழே வச்சுக்கிட்டு மேல்முறையீடுன்னா எப்படிம்மா?" என்றார் விருத்தகிரி வருத்தமாக.

அவள் ஒரு படிவத்தைத் தள்ளினாள். அதில் கடைசி வரி: 'சம்பவத்தின்போது வாகனத்தில் இருந்த அனைவரும் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும்.'

அப்படி ஒரு வரியைப் போட்டால் ஒருத்தனும் மேல்முறையீட்டுக்கு வரமாட்டான் என்பது கம்பெனியின் கணக்கு. கம்பெனிக்கு உளுந்தங்காட்டைத் தெரியாது.

அன்று சாயங்காலமே பூவராகன் ஷார்ஜாவுக்குப் போன் போட்டார்.

"ஒரே ஒரு கையெழுத்து, மச்சான். வந்து போட்டுட்டுப் போயிடு."

"வேலைக்குத் திரும்பி ஒரு நாள்தான் ஆச்சு, மாமா. லீவு தரமாட்டாங்க."

"கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்?"

மாசிலாமணி யோசித்தான். "ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷம் மட்டும் லீவு கேளு."

மாசிலாமணி போய்க் கேட்டான். சோபா கடை மானேஜர் இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு யோக்கியனைப் பார்த்ததில்லை. தாராளமாகப் போய்விட்டு வா என்றார். அவன் நேரே போய் விமானம் ஏறினான்.

காலையில் வாசலில் வந்து நின்ற தம்பியைச் செண்பகவல்லி ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னடா?"

"ஒரு கையெழுத்துப் போட வந்தேன்க்கா."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "ஐந்நூறு ரூபாய்க்கா இவனை வரவழைச்சீங்க?"

"இது பணப் பிரச்சினை இல்லை. கொள்கை" என்றார் பூவராகன்.

"கொள்கைக்கு டிக்கெட் எவ்வளவு ஆச்சு?"

பூவராகன் சுவரை அண்ணாந்து பார்த்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது இவள் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அதற்காக அவர் என்ன செய்தாலும் அவர் மதிப்பு ஒரு படி கீழேதான் இறங்கியது. இந்த அபராதத்தை மட்டும் ரத்து செய்துவிட்டால், அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிவிடலாம் என்று மனசுக்குள் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார்.

மத்தியானம் ஷார்ஜாவிலிருந்து போன் வந்தது. ஒரு நிமிஷம் முடிந்து ஒன்றரை நாள் ஆகிவிட்டதாம். வியாழக்கிழமை கடையில் இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம்.

"என் தம்பி வேலை போச்சுன்னா அப்புறம் இருக்கு உங்களுக்கு" என்றாள் செண்பகவல்லி. என்ன இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. பூவராகன் உடனே டிக்கெட் போட ஓடினார்.

புதன்கிழமை காலை விமானம். மாசிலாமணியை இறக்கிவிட்டு, அவன் கையெழுத்துப் போட்ட படிவத்தையும் கொடுத்துவிட்டு வருவதாகத் திட்டம். போகும் வழியெல்லாம் விருத்தகிரி பாடம் எடுத்தார்.

"போன தடவை வண்டி நின்னதுதான் நாம பண்ணின தப்பு. இந்தத் தடவை வண்டி நிக்கவே கூடாது. உருண்டுக்கிட்டே இருக்கணும்."

வேன் உருண்டுகொண்டே இறக்கிவிடும் இடத்துக்குள் நுழைந்தது. மாசிலாமணி மடியில் பெட்டியோடு, திறந்த கதவோரம் உட்கார்ந்து ஒரு காலை வெளியே தொங்கவிட்டிருந்தான்.

"மாமா, கொஞ்சம் மெதுவாப் போங்க. குதிச்சுடறேன்."

"மெதுவாப் போனா நிக்கிறதுக்குப் பக்கத்துல வந்துடும், மச்சான். அடுத்த சுற்றில குதி."

அடுத்த சுற்றில் பெட்டி முதலில் குதித்தது. அதை எடுத்துக்கொடுக்க ஒரு போர்ட்டர் வேனோடு கூடவே ஓடி வந்தார். அதற்கடுத்த சுற்றில் குறுக்கே ஒரு சக்கர நாற்காலி வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் வெளியே போய் மறுபடி நுழைய வேண்டியிருந்தது. ஒவ்வொரு நுழைவுக்கும் இயந்திரம் ஒரு டோக்கன் துப்பியது. கோதண்டம் டோக்கன்களைப் பத்திரமாக அடுக்கி வைத்துக்கொண்டார். பதினோராவது சுற்றில் தலைக்கு மேல் ஒரு விமானம் எழும்பியது. நால்வரும் கையாட்டினார்கள். ஆட்டி முடித்த பிறகுதான் மாசிலாமணிக்கு உறைத்தது.

"மாமா, அது என் விமானம்."

பெட்ரோலும் அங்கேயே தீர்ந்தது. வேன் தானாகவே நின்றது. கம்பெனி ஆள் வந்து, ஒரே நாளில் திரும்பத் திரும்ப நுழைந்தால் காசு உண்டு என்று சொல்லி, பதினோரு முறை நுழைந்ததற்கு இறக்கிவிடும் கட்டணம் என்று நீளமாக ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். மாசிலாமணி பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதான். பூவராகனுக்குச் செண்பகவல்லியின் முகம் கண்முன் வந்தது. இப்படியே வேனை விட்டுவிட்டு எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்தது.

அப்போதுதான், ஊருக்கே தெரிந்த வரையில் முதல் தடவையாக, கோதண்டம் வாயைத் திறந்தார்.

"இறக்கிவிட்டாத்தானே இறக்கிவிடும் கட்டணம். நாம யாரையும் இறக்கிவிடலையே."

பூவராகன் கோதண்டத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாசிலாமணிகூட அழுகையை நிறுத்தினான். தன் வேலை போனது வீண்போகவில்லை என்று அவனுக்கு ஒரு நிம்மதி.

நால்வரும் கவுண்ட்டருக்கு ஓடினார்கள். ஜெனிட்டா மதியம் சாப்பிடப் போகிற அவசரத்தில் இருந்தாள்.

"யாரையும் இறக்கிவிடலைங்கிறதுக்கு ஆதாரம் இருக்கா?"

பூவராகன் மாசிலாமணியைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இதோ."

அவள் ஆதாரத்தைப் பார்த்தாள். ஆதாரம் மூக்கை உறிஞ்சியது. இவர்களிடம் பேசிப் பயனில்லை என்று முடிவு செய்து, கதவை இழுத்துச் சாத்தியபடியே, எல்லாரிடமும் சொல்லுகிற வரியையே சொன்னாள்.

"அசல் ஒண்ணு, நகல் ரெண்டு. சான்றொப்பம் வாங்கிட்டு நாளைக்கு வாங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜெனிட்டா கவுண்ட்டரைத் திறந்தபோது மூன்று பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். நடுவில் மாசிலாமணி. இரண்டு பக்கமும் அவனுடைய தம்பிகள். ஒருவன் சிமெண்டுக் கடையில் மூட்டை தூக்குகிறவன், இன்னொருவன் மினி பஸ் கண்டக்டர். இருவரையும் வேலைக்குப் போகவிடாமல் விடிகாலையிலேயே வேனில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். தம்பிகள் இருவர் முழங்கையிலும் பச்சை மையில், 'அசலுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது' என்று எழுதி விருத்தகிரி கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஜெனிட்டா வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கு இந்த வேலையில் கிடைத்த ஒரே சந்தோஷம் அன்றைக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும். முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளவில்லை.

"ரெண்டாவது நகல்ல மீசை இருக்கு. அசல்ல இல்லையே" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

பூவராகனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எப்படிக் கவனிக்காமல் விட்டோம்? கண்டக்டர் தம்பியை இழுத்துக்கொண்டு சலூனுக்குப் புறப்பட்டவரை விருத்தகிரி பாய்ந்து தடுத்தார்.

"தலைவரே, சான்றொப்பம் ஆன நகலைத் திருத்துறது கிரிமினல் குற்றம். ஜெயில்ல போட்டுடுவான்."

"அப்ப என்னதான் பண்றது?"

"முதல் நகலும் அசலும்தான் பாக்கி. அதுங்களுக்கு மீசை வரட்டும். தானா வளர்றதைச் சட்டம் தடுக்காது."

அது நியாயமாகப் பட்டது. வேனை நிழலாகப் பார்த்து, மணிக்கு இவ்வளவு என்று வாடகை போட்டிருந்த இடத்தில் ஓரமாக விட்டார்கள். மாசிலாமணியையும் சிமெண்டுக் கடைத் தம்பியையும் வெளிச்சம் படுகிற பக்கம் உட்காரவைத்து, மற்ற நால்வரும் அவர்களுடைய மேலுதடுகளைப் பார்த்தபடி எதிரே உட்கார்ந்தார்கள்.